சிஸ்டம் சரியில்லை என்கிறோமே, அந்த சிஸ்டம் எங்கே இருக்கிறது?

கோத்தகிரி பேருந்து நிலையத்தின் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் ‘சிஸ்டம்’ என்ற சொல்லை நாலு தடவையாவது கேட்டுவிடலாம். இ-சேவை மையத்துக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியவர், “சிஸ்டம் டவுன்” என்பார். பஸ் வராததால் நின்றுகொண்டிருப்பவர், “சிஸ்டமே சரியில்ல” என்பார். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாதவர், “எல்லாம் சிஸ்டம்ணா, நாம என்ன பண்றது” என்பார். 2017-ல் ரஜினிகாந்த் தன் ரசிகர்களிடம் சிஸ்டம் கெட்டுப்போய்விட்டது என்று பேசியதிலிருந்து இந்தச் சொல்லுக்குத் தனி மவுசு வந்துவிட்டது.

முதல் ஆள் சொல்வது கணினியை. இரண்டாவது ஆள் சொல்வது அரசாங்கத்தை. மூன்றாவது ஆள் யாரைச் சொல்கிறார் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் மூன்று பேர் மனத்திலும் சிஸ்டம் என்பது தமக்கு வெளியே, எங்கோ மேலே இருக்கிறது.

போன வருஷம் குன்னூர் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். இலையை வெளியில் வாங்கித் தூள் போடும் சிறிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை நடத்துகிறவர். “அண்ணா, ஒருத்தர் எக்ஸிகியூட்டிவ் கோச்சாம். முப்பது வருஷம் கவர்ன்மென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவர். அறிமுகக் குறிப்புல பொதுத்துறைத் தலைமை, சிஸ்டம்ஸ் திங்கிங்னு போட்டிருக்கு. இவரு கம்ப்யூட்டர் ஆளா, இல்ல மேடையில பேசி கைதட்டு வாங்கற ஆளா?”

இரண்டும் இல்லை என்றேன். போனில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

கெய்சரும் பத்து வினாடியும்

ஊட்டியில் ஜனவரி மாதம், காலை ஆறு மணி. வெளியே புல் மேல் உறைபனி. கெய்சர் ஒரு மூலையில், குழாய் இன்னொரு மூலையில். திறந்தால் ஐஸ் தண்ணீர். சுடுதண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் திருப்புகிறோம், மாற்றம் இல்லை. இன்னும் திருப்புகிறோம், அப்போதும் இல்லை. பொறுமை போய் முழுக்கத் திருப்பிய மறு நிமிடம் தோல் உரிகிற சூட்டில் தண்ணீர் கொட்டுகிறது. அலறிக்கொண்டு மறுபக்கம் திருப்புகிறோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஐஸ்.

இதில் குழாய் ரிப்பேர் இல்லை. கெய்சரும் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. திருப்புகிற ஆளும் முட்டாள் இல்லை. கெய்சரிலிருந்து சுடுதண்ணீர் நடந்து வருவதற்கு ஒரு பத்து வினாடி ஆகிறது. நம் கை அதுவரை காத்திருப்பதில்லை. சூடும் குளிரும் மாறி மாறி வருவதற்குக் காரணம் அந்த இடைவெளி.

செய்த செயலின் விளைவு திரும்பி வந்து நம் அடுத்த செயலை மாற்றுவதற்குப் பின்னூட்டம் என்று பெயர். ஃபீட்பேக் என்றால் ஹோட்டலில் நட்சத்திரம் போடுவது என்று நினைத்துவிட்டோம், அந்தச் சொல்லின் முதல் அர்த்தம் இதுதான். அந்த விளைவு வந்து சேர ஆகும் நேரம் தாமதம். பல பாகங்கள் பின்னூட்டத்தாலும் தாமதத்தாலும் கட்டுண்டு, பாகங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் தெரியாத ஒரு நடத்தையைக் காட்டும்போது அதை அமைப்பு, அதாவது சிஸ்டம் என்கிறோம். குழாயைக் கழற்றி மேஜை மேல் வைத்து எத்தனை நாள் ஆராய்ந்தாலும் அந்த ஊசலாட்டம் கண்ணில் படாது.

இதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனவர் ஜே ஃபாரெஸ்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1956-ல் அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) நிர்வாகப் பள்ளிக்கு வந்தவர். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் கென்டக்கி ஆலைகளில் ஒரு சிக்கல் இருந்தது: சில வருஷம் மூன்று ஷிஃப்ட் ஓடும், சில வருஷத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். வெளிச்சந்தையின் ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். ஃபாரெஸ்டர் அவர்களுடைய ஆர்டர், சரக்கிருப்பு, ஆள் எடுக்கும் விதிகளை வாங்கி, காகிதத்தில் கையாலேயே வாரம் வாரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் ஒரே சீராக இருந்தாலும் அந்த விதிகளே ஊசலாட்டத்தை உண்டாக்கின. மொத்தக் கம்பெனியும் கெய்சர் குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தது.

இதுவரை சொன்னதில் நினைவில் வைக்க வேண்டியது பின்னூட்டம், தாமதம் இரண்டும்தான். யார் திருப்பினார்கள் என்று கேட்பதற்கு முன் எவ்வளவு நேரம் கழித்துத் தண்ணீர் வருகிறது என்று கேட்க வேண்டும்.

சீசனில் ஊட்டி என்ற தொட்டி

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நிற்கும் தண்ணீர் இருப்பு. குழாய் வழியாக வருவது வரத்து, வெளியே போவது போக்கு. இருப்பு ஏறுவதும் இறங்குவதும் வரத்து, போக்கு இரண்டையும் பொறுத்தது. இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் தொட்டிக்கு ஊர் என்று பெயர் வைத்துவிட்டால் பெரியவர்களுக்கே மறந்துவிடுகிறது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது. அந்த முதல் வருஷம் எத்தனை வண்டி என்ற வரம்பு கிடையாது, கணக்கெடுப்பு மட்டும்தான். “எல்லாருக்கும் குடுக்கறதுக்கு எதுக்குப் பாஸ்?” என்று நானும் கேலி செய்தேன். இப்போது யோசித்தால், எத்தனை வண்டி ஏறுகிறது என்றே தெரியாமல் எதையும் திருப்பியிருக்க முடியாது. 2025 ஏப்ரல் முதல் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் இது இல்லை. வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள்.

இதில் நான் எந்தக் கட்சி என்பது இருக்கட்டும். 6,000, 8,000 என்பது வரத்து. சாலையில் நெரிசலாகவும் விடுதியில் தண்ணீர்ப் பஞ்சமாகவும் நமக்குத் தெரிவது இருப்பு. ஒரு நாளைக்கு 8,000 வண்டி ஏறி, எல்லோரும் அன்றே இறங்கிவிட்டால் ஊரில் நிற்பது 8,000. தினமும் ஏறுகிற 8,000 வண்டியும் இரண்டு நாள் தங்கினால், இரண்டாம் நாள் ஊரில் 16,000 வண்டி. அனுமதிச் சீட்டின் எண்ணிக்கை மாறவே இல்லை. நிறைய அறை கட்டினால் தங்கும் நாள் கூடும், இருப்பும் கூடும். தங்க வைக்காமல் அன்றே இறக்கிவிட்டால் விடுதிக்காரர் வயிற்றில் அடி. இந்தக் கணக்கைப் பேசாமல் வரம்பு வேண்டும், வேண்டாம் என்று கத்துவதில் பயன் குறைவு.

சாலையை அகலப்படுத்தினால் தீராதா என்பார்கள். கொஞ்ச நாளைக்குத் தீரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது சுலபம் என்று தெரிந்ததும் இதுவரை யோசித்துக்கொண்டிருந்தவரும் வண்டியை எடுப்பார். நெரிசல்தான் பாதிப் பேரை வீட்டில் உட்கார வைத்திருந்தது. இப்படி ஏறுவதைத் தானே தடுத்து ஓர் அளவில் நிறுத்தும் பின்னூட்டத்துக்குச் சமன்செய்யும் சுழல் என்று பெயர். உடம்பில் வியர்வை செய்வதும் இந்த வேலைதான். சமன்செய்யும் சுழலை வேறொன்றை வைக்காமல் எடுத்துவிட்டால், இருப்பு புதிய உயரத்தில் போய் நிற்கும். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழிப் பாதையும் அப்படித்தான். குன்னூருக்கு மூச்சு வந்தது. எங்கள் ஊரில் மே மாதம் ரோட்டைக் கடக்கவே ஆள் துணை வேண்டும்.

பச்சைத் தேயிலையின் விஷச் சுழல்

சமன்செய்யாமல் மேலும் மேலும் தள்ளிக்கொண்டே போகிற சுழலும் உண்டு. வட்டிக்கு வட்டி போல. அதை வலுக்கும் சுழல் என்பார்கள். நல்ல திசையில் போனால் வளர்ச்சி, கெட்ட திசையில் போனால் படுகுழி. நீலகிரியில் இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் தேவையில்லை, இலை எடை போடும் ஷெட்டுக்குப் போனால் போதும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பாருங்கள். தலைச்சுமையாகவும் ஜீப்பிலும் மூட்டை வரும். வாங்குகிறவர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்து விரித்துப் பார்ப்பார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருந்தால் அது கொழுந்து. விரலால் மடக்கினால் மடங்காமல் முறுக்கிக்கொண்டு நிற்பது முற்றிய இலை. மூட்டையின் மேல் பக்கம் கொழுந்தும் நடுவில் முற்றலுமாகக் கட்டிக்கொண்டு வரும் கலையை இங்கே யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பெருமூச்சு, தராசில் ஏற்று, சீட்டை எழுது.

விலை குறைகிறது என்று வையுங்கள். சிறு விவசாயிக்கு வீட்டுச் செலவு குறையாது. எடையைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். கையால் கொழுந்து பறிக்க ஆள் கூலி கட்டாது, கத்திரியைப் போடு. கத்திரிக்குக் கொழுந்தும் தெரியாது முற்றலும் தெரியாது. எடை கூடுகிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போக வேண்டும். அந்த இலை முற்றலாக இருந்தால் தூளில் நாரும் காம்பும். குன்னூர் ஏலத்தில் அந்தத் தூளுக்கு விலை இறங்குகிறது. ஏல விலையை ஒட்டித்தான் தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சை இலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. அதுவும் இறங்குகிறது. மறுபடி எடையைக் கூட்டு.

இதில் ஒவ்வொருவரும் தன் இடத்தில் நின்று பார்த்தால் சரியாகத்தான் நடக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. நான் மட்டும் அருமையாகக் கொழுந்து பறித்துக்கொண்டு போனால், அது எல்லோர் மூட்டையோடும் கொட்டிக் கலக்கப்படும். எனக்கும் அதே சராசரி விலை, எடை மட்டும் குறைவு. ஒழுக்கமாக இருப்பவனுக்கு அபராதம் போடுகிற ஏற்பாடு இது. “விவசாயிக்குப் பேராசை” என்று தொழிற்சாலைக்காரரும், “ஃபேக்டரிக்காரன் ஏமாத்தறான்” என்று விவசாயியும் பேசிக்கொண்டே சுழலைச் சேர்ந்து சுற்றுகிறார்கள்.

இது தொடங்கியதிலும் தாமதத்துக்குப் பங்கு உண்டு. சோவியத் யூனியன் இங்கிருந்து அள்ளி அள்ளி வாங்கிய காலத்தில் தரம் பெரிய கேள்வியாக இல்லை. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போட்ட நிலமெல்லாம் தேயிலையானது. தேயிலைச் செடி நட்டவுடன் காசு தராது. பறிப்புக்கு வர மூன்று, நாலு வருஷம் வேண்டும். நல்ல விலையைப் பார்த்து நட்டவன் அறுவடைக்கு நிற்கும்போது எந்த விலை இருக்கும் என்று யார் சொல்வது? 1991-ல் சோவியத் கலைந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் விலை விழுந்தபோது மலை முழுக்க இலை, கையெல்லாம் கத்திரிப் பழக்கம். இதே ஊசலாட்டத்தைத்தான் கென்டக்கியிலும் பார்த்தோம்.

ஆக, சமன்செய்யும் சுழல் நிறுத்தப் பார்க்கும், வலுக்கும் சுழல் தள்ளிக்கொண்டே போகும். பெரும்பாலான ஊர்ச் சிக்கலில் இரண்டும் பின்னிக்கிடக்கும்.

அப்படியானால் யாருமே குற்றவாளி இல்லையா?

அமைப்புச் சிந்தனை, அதாவது சிஸ்டம்ஸ் திங்கிங் பற்றிய மிகப் பெரிய தவறான புரிதல் இது. எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது, ஆகவே யாரையும் கேட்க முடியாது என்று இதை ஒரு வேதாந்தமாக்கிவிடுகிறார்கள். சான்றிதழுக்குக் கை நீட்டுகிறவர் லஞ்சம் வாங்குகிறவர்தான். அதில் சிஸ்டத்தை இழுக்க வேண்டாம். கேள்வி வேறு: அவரை மாற்றி வேறொருவரை உட்கார வைத்து, அவரும் ஆறு மாதத்தில் அதையே செய்தால், மூன்றாவதாகவும் ஆளை மாற்றுவதா, நாற்காலியைப் பார்ப்பதா?

நாற்காலியைப் பார்ப்பதில் கெட்டிக்காரத்தனம் எங்கே கை வைப்பது என்பதில் இருக்கிறது. பெரிய பாறையைப் புரட்டக் கடப்பாரையை எங்கே செருகுவது என்று கொத்தனாருக்குத் தெரியும். அமைப்பில் அப்படிப்பட்ட இடத்துக்கு நெம்புமுனை என்று பெயர். இதைப் பற்றித் தெளிவாக எழுதியவர் ஃபாரெஸ்டரின் வழியில் வந்த டொனெல்லா மெடோஸ். அவர் சொல்வதன் சாரம், நாம் சண்டை போடுவது பெரும்பாலும் எண்களைப் பற்றி: வரி எவ்வளவு, அபராதம் எவ்வளவு, வரம்பு எவ்வளவு. அவற்றுக்கு வலு குறைவு. யாருக்கு எந்தத் தகவல் எப்போது போகிறது, எந்த விதி யாருக்குப் பரிசு தருகிறது என்பதற்கு வலு அதிகம்.

நம் மலையில் உதாரணம் பிளாஸ்டிக். 2000-ஐ ஒட்டி சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்தபோது பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. ஆட்சியர்கள் மாறினார்கள், விஷயம் நிற்கவில்லை. அபராதம் மட்டும் காரணமில்லை. சோதனைச் சாவடியில் பார்க்கிறார்கள், கடைக்காரர் தருவதில்லை, உள்ளூர்க்காரர் துணிப்பையோடு கிளம்புவது பழக்கமாகிவிட்டது. பின்னால் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வந்தபோது வாட்டர் ஏடிஎம்களையும் வைத்தார்கள். பாட்டிலைப் பிடுங்கினால் தாகம் போய்விடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். எல்லா மெஷினும் எல்லா நாளும் வேலை செய்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

சர்க்கார் அனுபவம் கோச்சுக்கு என்ன தருகிறது?

எக்ஸிகியூட்டிவ் கோச் என்பவர் பொறுப்பில் இருப்பவரோடு தனியாக, குறிப்பிட்ட இடைவெளியில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, அவர் தன் சிக்கலைத் தானே தெளிவாகப் பார்க்க உதவுகிறவர். ஆலோசகர் விடை கொடுத்துவிட்டுப் பில் கொடுப்பார். பயிற்சியாளர் வகுப்பெடுப்பார். கோச் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார், அதற்குத்தான் காசு.

சர்க்காரில் தலைமைப் பொறுப்பில் இருந்தவருக்குத் தனியார் மேலாளர் அறியாத சில பாடங்கள் கிடைத்திருக்கும். கம்பெனிக்குக் கடைசியில் லாபம் என்று ஒரு கணக்கு உண்டு. அரசுக்கு அப்படி ஒற்றைக் கணக்கு கிடையாது. கூடலூரில் யானை ஊருக்குள் வந்தால் விரட்டுவது வனத்துறை. யானையை இழுக்கிற குப்பை உள்ளாட்சியின் பொறுப்பு. தெருவிளக்குக்கு மின்வாரியமும் வேண்டும். யானைக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. தன் அதிகாரம் செல்லாத மேஜைகளை ஒரே அறையில் உட்கார வைத்து ஒரு காரியத்தை நகர்த்திய அதிகாரிக்கு, உத்தரவு போடாமல் தலைமை தாங்குவது என்றால் என்னவென்று உடம்பில் ஏறியிருக்கும்.

இன்னொன்று இடமாற்றம். இரண்டு வருஷத்தில் பெட்டி கட்ட வேண்டியவர், நாலு வருஷத்தில் பலன் தருகிற செடியை நடுவாரா? நடுகிறவர்களும் உண்டு, பெயர் அடுத்தவருக்குப் போகும். உடனே கண்ணில் படுகிற வேலைக்குத்தான் கைதட்டு. தணிக்கை, சட்டமன்றக் கேள்வி, நீதிமன்றம், மனு நாள் என்று எத்தனையோ பின்னூட்டங்கள் ஒரே மேஜைக்கு வந்து விழும். எதற்குப் பதில் சொல்வது, எதைக் காத்திருக்க வைப்பது என்ற அனுபவம் வகுப்பில் கிடைப்பதில்லை.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். முப்பது வருஷம் நாற்காலியில் இருந்ததனாலேயே ஒருவருக்குக் கேட்கும் பழக்கம் வந்துவிடாது. பலருக்குப் பேசும் பழக்கம்தான் வரும். நம் நாட்டில் கோச் என்று பலகை மாட்ட உரிமம் தேவையில்லை. சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு போன்றவை பயிற்சியும் கோச்சிங் செய்த மணிக்கணக்கும் பார்த்துச் சான்று தருகின்றன. நடுத்தரச் சான்றுக்கு 500 மணி நேரம். முதல் சந்திப்பில் அவர் தன் பழைய பெருமையை எத்தனை நிமிடம் பேசுகிறார் என்று கடிகாரத்தைப் பார்ப்பது அதைவிட நல்ல சோதனை என்பது என் அபிப்பிராயம்.

ஒரு சீட்டின் பின்பக்கம்

நண்பர் அந்தக் கோச்சிடம் போனார். அவருடைய குறை: இலை எடுக்கும் ஏஜென்ட் சரியில்லை, முற்றலையே வாங்கிப் போடுகிறார். இரண்டு வருஷத்தில் இரண்டு பேரை மாற்றியாயிற்று, இப்போது இருப்பவர் மூன்றாவது ஆள்.

அந்தப் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி. “ஏஜென்ட்டுக்கு நீங்க எப்படிக் காசு குடுக்கறீங்க, தம்பி?”

“கிலோவுக்கு இவ்வளவுன்னு கமிஷன் சார்.”

“மோசமான மூட்டைய அவர் திருப்பி அனுப்பினா?”

“அன்னைக்குக் கிலோ குறையும். அந்த விவசாயி பக்கத்து ஃபேக்டரி வண்டியில ஏத்திருவார்.”

“அதாவது நல்ல இலை வாங்கினா அவருக்கு நஷ்டம்.”

பெரியவர் எடைச் சீட்டு ஒன்றைத் திருப்பி, கமிஷன், எடை, முற்றல், ஏல விலை என்று எழுதி அம்புக்குறி போட்டு வட்டமாக்கினாராம். அதில் ஏஜென்ட்டின் பெயர் எங்கேயும் வரவில்லை. கமிஷன் நிர்ணயித்தவர் கையெழுத்து மட்டும் சீட்டின் முன்பக்கம் இருந்தது. அது நண்பருடையது.

இப்போது கமிஷனில் ஒரு பகுதியை எடைக்கும் மீதியை இலைத் தரத்துக்குமாகப் பிரித்திருக்கிறார். தரத்தைப் பார்க்கத் தினமும் ஒரு பிடி இலையை எண்ணி, கொழுந்து எத்தனை, முற்றல் எத்தனை என்று ஷெட் சுவரில் எழுதிப் போடுகிறார்கள். முதல் மாதம் இலை வரத்து விழுந்தது, பக்கத்து வண்டி நிரம்பிப் போனது. “அண்ணா, பழையபடி மாத்திரலாமா?” என்று எனக்குப் போன். நான் கெய்சர் கதையைத் தொடங்கினேன். ஏற்கெனவே பெரியவரிடம் கேட்டாயிற்று என்று வைத்துவிட்டார்.

நாலாவது மாதம் ஓடுகிறது. இரண்டு விவசாயிகள் திரும்பி வந்திருக்கிறார்கள். தூளின் ஏல விலை இன்னும் பெரிதாக அசையவில்லை.

“செடியைக் கவாத்து வெட்டினவன் அடுத்த நாளே கொழுந்து தேடுவானா? ஒரு சீசன் பாப்போம்ணா” என்கிறார். மூன்றாவது ஏஜென்ட்டே தொடர்கிறார்.